திறந்த இதய ஆப்பரேஷனுக்குப் பிறகு ரிஹாப் (மறுவாழ்வுப் பயிற்சி) தொடங்குவது எப்படி: வரிசையாக ஒரு முழு வழிகாட்டி

பைபாஸோ வால்வு மாற்றமோ, மார்பெலும்பை நடுவில் பிளந்து செய்த ஆப்பரேஷன் என்றால் இது உங்களுக்கானது. விலா இடுக்கு வழியாகச் சிறிய வெட்டில் செய்திருந்தால் கைகளுக்கான விதிகள் மாறும், மற்றவை பெரும்பாலும் இதேதான்.

நானும் இந்த வழியாகப் போனவன்தான். ரிஹாப் கூடத்தில் புதிதாக வருபவர்கள் தடுமாறுவதை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குக் குழப்பம் ஒரே இடத்தில்தான் வருகிறது. எலும்பு ஒட்டுவதற்கு என்று ஒரு காலம் இருக்கிறது, அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. கால்களும் மூச்சும் இதயமும் அப்படியல்ல, அவற்றுக்கு மறுநாளே வேலை கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். எலும்பு ஆறட்டும் என்று கால்களையும் சேர்த்து முடக்கிப்போடுபவர்கள் ஒரு பக்கம், நடை நன்றாக வருகிறதே என்ற தைரியத்தில் கையால் பாரம் தூக்கிவிடுபவர்கள் இன்னொரு பக்கம். கீழே உள்ள வரிசை இந்த இரண்டு கணக்கையும் பிரித்து வைத்து எழுதியது.

உங்கள் சர்ஜன் எழுதிக் கொடுத்தது இதற்கு மாறாக இருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள். உங்கள் நெஞ்சைத் திறந்து பார்த்தவர் அவர்.

1. படுக்கையிலேயே தொடங்குங்கள்: மூச்சு, இருமல், எழுந்து உட்காருவது

வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்துத் தொடங்குவதுதான் ரிஹாப் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் முதல் கட்டம் வார்டிலேயே தொடங்கிவிடுகிறது, பிசியோதெரபிஸ்ட் வந்து கட்டிலில் உட்காரவைக்கும்போதே.

முதல் வேலை நுரையீரல். மயக்க மருந்து, வென்டிலேட்டர், வலிக்குப் பயந்து மேலோட்டமாக விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து நுரையீரலின் அடிப்பகுதியைச் சுருங்க வைத்துவிடும். அங்கே சளி தங்கினால் நிமோனியா வரலாம். அதற்காகத்தான் மூன்று பந்து வைத்த அந்தப் பிளாஸ்டிக் கருவியைக் கையில் கொடுக்கிறார்கள். நிறையப் பேர் அதை ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கு அல்ல, உறிஞ்சுவதற்கு. குழாயை வாயில் வைத்து மெதுவாக, ஆழமாக இழுத்து, பந்தை இரண்டு மூன்று விநாடி மேலேயே நிறுத்தப் பாருங்கள். வெடுக்கென்று இழுத்து மூன்று பந்தையும் ஒரு கணம் எகிற வைப்பதால் பெரிதாகப் பயனில்லை, காற்று நுரையீரலின் அடிவரை போய்ச்சேர நேரம் வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை என்பது வழக்கமான கணக்கு. தலை கிறுகிறுத்தால் நடுவில் ஓய்வு எடுங்கள்.

இருமல் வந்தால் அடக்காதீர்கள். ஒரு தலையணையை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இருமுங்கள், தும்மலுக்கும் அதேதான். பிளந்த எலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், இருமும்போது அது இரண்டு பக்கமும் இழுபடும். தலையணை அந்த இழுப்பைத் தாங்கிக்கொள்ளும், வலியும் குறையும், சளியும் வெளியே வரும்.

எழுந்திருக்கக் கையை ஊன்றவோ கட்டில் கம்பியைப் பிடித்து இழுக்கவோ கூடாது. முழங்காலை மடக்கி, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாக ஒரு பக்கம் உருட்டி, இரண்டு காலையும் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தக் கால்களின் எடையே மேல் உடம்பைத் தூக்கிவிட உதவும். வீட்டுக்குப் போகும் முன் இதை நர்ஸ் முன்னால் செய்துகாட்டுங்கள். வீட்டில் நடுராத்திரி பாத்ரூம் போக எழும்போதுதான் பலர் பழைய பழக்கத்தில் கையை ஊன்றுகிறார்கள்.

2. டிஸ்சார்ஜுக்கு முன் கையில் வாங்க வேண்டியவை

பயிற்சி கடினமாக இருந்து ரிஹாப் தடைபட்டவர்களைவிட, பரிந்துரைக் கடிதம் இல்லாமல் தடைபட்டவர்களே எனக்குத் தெரிந்து அதிகம். டிஸ்சார்ஜ் நாளில் எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். ரிஹாப் பற்றி யாரும் பேசாமலே விட்டுவிட்டால் அப்புறம் அந்தக் கடிதத்துக்காகவே அலைய வேண்டிவரும். எனவே கேட்டு வாங்குங்கள்:

ரிஹாப்புக்கான பரிந்துரைக் கடிதம். டிஸ்சார்ஜ் சம்மரி, அதில் எந்த ரத்தக்குழாயில் பைபாஸ் செய்தார்கள் அல்லது என்ன வகை வால்வு வைத்தார்கள் என்ற விவரம். கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட், அதில் இதயம் எவ்வளவு பம்ப் செய்கிறது என்ற சதவீதம் இருக்கும். ஈசிஜி. ஹீமோகுளோபின், சர்க்கரை, கிட்னி பரிசோதனை முடிவுகள். எத்தனை மணிக்கு எந்த மாத்திரை என்ற பட்டியல்.

ஹீமோகுளோபின் எதற்கு என்று கேட்கலாம். ஆப்பரேஷனில் ரத்தம் போனதால் பலருக்கு அது குறைந்திருக்கும். குறைந்திருந்தால் நாலு அடி நடந்ததும் மூச்சு வாங்கும். அதைப் பார்த்து இதயம் சரியாகவில்லை என்று வீட்டில் எல்லோரும் பயந்துபோவார்கள்.

ரிஹாப் கூடத்துக்கு உடனே போன் செய்து தேதி வாங்கிவிடுங்கள். 'கொஞ்சம் தெம்பு வரட்டும்' என்று தள்ளிப்போடுபவர்களில் பலர் கடைசியில் வருவதே இல்லை. டிஸ்சார்ஜ் ஆகிச் சில வாரங்களுக்குள் சேர்வதுதான் நல்லது, பல இடங்களில் முதல் மூன்று வாரத்துக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் கூடம் இல்லையென்றால் போன் அல்லது வீடியோ வழியாக வீட்டிலிருந்தே செய்யும் திட்டம் உண்டா என்று கேளுங்கள்.

3. மார்பெலும்பு விதிகளைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

எலும்பு ஓரளவு ஒட்டுவதற்கு 6 முதல் 8 வாரம் ஆகும், நன்றாக உறுதிப்பட 12 வாரம் வரை ஆகும். சர்க்கரை, புகைப்பழக்கம், எலும்புத் தேய்மானம், அதிக உடல் எடை இருந்தால் இன்னும் நாளாகலாம். தோல் அதற்கு வெகு முன்னாலேயே ஆறிவிடும். தழும்பு காய்ந்துவிட்டது என்பதை வைத்து உள்ளே எலும்பும் ஒட்டிவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள்.

அதுவரை பாரம் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது எல்லாவற்றுக்கும் வரம்பு உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி எண் மாறும், பொதுவாக 2 முதல் 5 கிலோவுக்குள் இருக்கும். தூக்குவதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மறந்துவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன். கனமான கதவைத் தள்ளுவது, இறுகிய மூடியைத் திருகுவது, நாற்காலியின் கையை அழுத்தி எழுவது, ஓடிவரும் குழந்தையை வாரி எடுப்பது எல்லாம் இதே கணக்கில் வரும்.

அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருக்கவும் கூடாது. பயத்தில் தோளைக் குறுக்கி, கையை நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொள்பவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் தோள் இறுகி, கழுத்தும் முதுகும் வலிக்க ஆரம்பிக்கும். சுலபமான விதி ஒன்று உண்டு: சுமை இருக்கும்போது முழங்கைகள் விலாவை ஒட்டியே இருக்கட்டும், சுமை இல்லாதபோது வலி வராத அளவுக்குக் கையை எந்தப் பக்கமும் மெதுவாக அசைக்கலாம். முழங்கை உடம்பை ஒட்டியிருந்தால் பாரத்தின் இழுப்பு எலும்பின் வெட்டு வரை அவ்வளவாகப் போகாது. தோளைப் பின்பக்கமாகச் சுழற்றுவதை தினமும் சில முறை செய்யுங்கள்.

மார்பின் இடப்பக்கம் மரத்துப்போனது போலவோ எரிச்சலாகவோ இருந்தால் உடனே இதயம் என்று பதற வேண்டாம். பைபாஸுக்கு மார்புச் சுவரின் உட்பக்க ரத்தக்குழாயைப் பிரித்து எடுத்திருந்தால் அங்கே உள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டு மாதக்கணக்கில் இப்படி இருக்கலாம். ஆனால் இருமும்போதோ புரளும்போதோ நெஞ்சுக்குள் 'டக்' என்று எலும்பு நகரும் சத்தமோ உணர்வோ இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள், கை வேலையை அதுவரை நிறுத்திவையுங்கள்.

4. வீட்டில் நடை: முதலில் நேரம், அப்புறம் வேகம்

ரிஹாப் கூடத்துக்குப் போவதற்கு முன் உள்ள வாரங்களில் செய்ய வேண்டிய பெரிய வேலை இதுதான். டிஸ்சார்ஜ் தாளில் 'நடக்கவும்' என்று மட்டும் இருக்கும், எப்படி என்று இருக்காது.

வீட்டுக்கு வந்த முதல் சில நாட்களில் ஒரு தடவைக்கு 5 நிமிடம், ஒரு நாளைக்கு 4 அல்லது 5 தடவை. ஒரேயடியாக 20 நிமிடம் நடப்பதைவிட இது நல்லது. பல நாள் படுத்திருந்த தசைகள் சீக்கிரம் களைத்துவிடும், களைத்த பிறகும் நடந்தால் மீதி நாள் முழுக்கப் படுக்கையில்தான். பிரித்து நடந்தால் மொத்த நேரமும் கிடைக்கும், நடுவில் ஓய்வும் கிடைக்கும்.

ஒன்றிரண்டு நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு நடையிலும் 1 அல்லது 2 நிமிடம் கூட்டுங்கள். ஒரு நடை 10 நிமிடத்தைத் தாண்டியதும் தடவைகளை மூன்றாக, பிறகு இரண்டாகக் குறைக்கலாம். 4 முதல் 6 வாரத்தில் ஒரே மூச்சில் 30 நிமிடம் என்பது பலருக்கு எட்டக்கூடிய இலக்கு. எட்டாவிட்டால் குடி முழுகிப் போகாது, ஆப்பரேஷனுக்கு முன்பே நடக்கச் சிரமப்பட்டவருக்கும் தினமும் நடந்துகொண்டிருந்தவருக்கும் ஒரே அட்டவணை எப்படிப் பொருந்தும்?

வேகத்தை இந்தக் கட்டத்தில் கூட்டவே கூடாது. நேரத்தைக் கூட்டினால் உடம்பின் சுமை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், வேகத்தைக் கூட்டினால் சட்டென்று ஏறும், அதை அளந்து பார்க்க வீட்டில் யாரும் இல்லை.

நடக்கும்போது பேசிப் பாருங்கள். முழு வாக்கியம் தடையில்லாமல் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். ஓய்வில் இருக்கும் பல்ஸைவிட நடையில் 20 முதல் 30 வரை கூடுவது இந்தக் கட்டத்தின் வழக்கமான மேல்வரம்பு.

புதியவர்கள் தவறும் சில இடங்கள்:

நேராக ஒரே பக்கம் நடந்து போய்விடுவது. களைப்பு வரும்போது வீடு தூரத்தில் இருக்கும், போன தூரத்தைத் திரும்பியும் நடக்க வேண்டும். வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவது அலுப்பாக இருந்தாலும் முதல் இரண்டு வாரம் அதுதான் பாதுகாப்பு.

வலி மாத்திரையைத் தவிர்ப்பது. மாத்திரையே வேண்டாம் என்று வைராக்கியமாக இருப்பவர்கள் கூன்போட்டு, அரைகுறை மூச்சில் நடக்கிறார்கள். டாக்டர் கொடுத்திருந்தால் நடைக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் முன் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடப்பது மேல்.

சாப்பிட்ட உடனே நடப்பது. ஜீரணத்துக்கும் ரத்தம் வேண்டும், கால்களுக்கும் வேண்டும். ஒரு மணி நேரமாவது விடுங்கள். கடும் வெயிலிலும் கடும் குளிரிலும் வெளியே நடக்க வேண்டாம்.

படி ஏறவே பயப்படுவது. படி ஏறுவது கால் வேலை, மெதுவாக ஏறலாம். கைப்பிடியைத் தடுமாறாமல் இருக்கத் தொட்டுக்கொள்ளுங்கள், அதைப் பிடித்து உடம்பை இழுக்காதீர்கள்.

காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தக் கால் மாலையில் வீங்கும். உட்காரும்போது உயர்த்தி வையுங்கள், கால்மேல் கால் போடாதீர்கள். வீங்குகிறது என்று நடையை நிறுத்திவிட்டால் வீக்கம் கூடும், ஏனென்றால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. ஒரு காலில் மட்டும் கெண்டைக்கால் வலியோடு திடீர் வீக்கம் என்றால் அது வேறு, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மறுநாள் காலைதான் சரியான மதிப்பெண் போடும். எழுந்திருக்கும்போதே அசதியாக இருந்தால் முந்தைய நாள் அதிகமாகிவிட்டது என்று பொருள். நடையை நிறுத்த வேண்டாம், இரண்டு நாள் முன் இருந்த அளவுக்குத் திரும்புங்கள்.

5. தினமும் காலையில் ஐந்து நிமிடம்

ஒரு நோட்டில் எழுதுங்கள்: எடை, பல்ஸ், பிபி, காய்ச்சல் உண்டா, வெட்டுக்காயம் எப்படி இருக்கிறது.

எடையைப் பாத்ரூம் போய்வந்த பிறகு, சாப்பிடும் முன், ஒரே மாதிரி உடையில் பாருங்கள். ஒரே நாளில் 1 முதல் 1.5 கிலோ ஏறினாலோ ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் ஏறினாலோ அது கொழுப்பு இல்லை, உடம்பில் நீர் தங்குகிறது. மூச்சிரைப்பு தொடங்குவதற்கு முன்பே எடை சொல்லிவிடும், அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

பல்ஸை மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடியாவது எண்ணுங்கள். எண்ணிக்கையோடு தாளத்தையும் கவனிக்க வேண்டும். ஆப்பரேஷனுக்குப் பிந்தைய நாட்களில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக்கேடு அடிக்கடி வரும், வீட்டுக்கு வந்த பிறகும் திரும்பலாம். தாளம் தப்பியிருந்தால் பிபி மெஷின் காட்டும் எண்களையும் அவ்வளவாக நம்ப முடியாது.

6. எப்போது நிறுத்த வேண்டும்

நடையிலோ பயிற்சியிலோ நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது கைக்குப் பரவும் வலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, வழக்கத்தைவிட அதிகமான மூச்சிரைப்பு வந்தால் அங்கேயே உட்காருங்கள். 'இந்தச் சுற்றை முடித்துவிட்டு' என்ற பேச்சு வேண்டாம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் சொன்னபடி வையுங்கள். சில நிமிடத்தில் அடங்காவிட்டாலோ, மயக்கம் வந்தாலோ, வாய் கோணல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் தெரிந்தாலோ ஆம்புலன்ஸ்தான், சொந்த வண்டியில் கிளம்ப வேண்டாம்.

வெட்டு வலிக்கும் இதய வலிக்கும் ஒரு பொதுவான வித்தியாசம் உண்டு. வெட்டு வலி அசைந்தால், இருமினால், தொட்டால் கூடும், ஓரிடத்தில் குத்தும். இதய வலி பெரும்பாலும் அழுத்தமாக இருக்கும், உழைத்தால் வரும், ஓய்வில் குறையும். தெளிவாகத் தெரியவில்லையென்றால் இதய வலி என்றே வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்.

அன்றைக்கே போன் செய்ய வேண்டியவை: 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், வெட்டிலிருந்து சீழோ நீரோ வடிவது, சிவப்பு பரவுவது, மேலே சொன்ன எடை ஏற்றம், புதிதாக வந்த தாளக்கேடு. ஆழ்ந்து மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்துகிறது, கூடவே காய்ச்சலும் இருக்கிறது என்றால் இதய உறையில் அழற்சி இருக்கலாம். ஆப்பரேஷன் முடிந்து சில வாரம் கழித்தும் அது வரும்.

7. முதல் நாள் ரிஹாப் கூடத்தில்

முதல் நாளில் பயிற்சி குறைவு, கேள்விகளும் அளவுகளும் அதிகம். பல இடங்களில் 6 நிமிட நடைச் சோதனை வைப்பார்கள். நேரான தாழ்வாரத்தில் 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் நடக்கிறீர்கள் என்று அளப்பதுதான் அது. நடுவில் நின்றுகொள்ளலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இதைப் போட்டி போல எடுத்துக்கொண்டு முதல் நிமிடத்திலேயே விரைபவர்கள் நான்காவது நிமிடத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். உண்மையான அளவு தெரிந்தால்தான் உங்களுக்கான பயிற்சியைச் சரியாக எழுத முடியும், நன்றாக நடந்து காட்டிக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை.

அன்று காலை மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுவிட்டுப் போங்கள். சோதனை என்பதால், இதயத்துடிப்பை அடக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரையை விட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. இனி தினமும் அந்த மாத்திரையோடுதான் உடற்பயிற்சி செய்யப் போகிறீர்கள், அப்படியிருக்க அது இல்லாமல் எடுத்த அளவு எதற்கு உதவும்? நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: மாத்திரைப் பட்டியல், ரிப்போர்ட்கள், காலை நோட்டு, மூக்குக் கண்ணாடி, முன்பக்கம் திறக்கும் சட்டை, குதிகாலைப் பிடிக்கும் ஷூ. சட்டைக்குக் காரணம் உண்டு, நெஞ்சில் ஈசிஜி ஒயர் ஒட்டுவார்கள், கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டையைக் கழற்ற முதல் வாரங்களில் வலிக்கும். செருப்போடு வந்தால் டிரெட்மில்லில் ஏற்ற மாட்டார்கள்.

இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பயிற்சிக்கு முன் சர்க்கரை பார்க்க வேண்டும். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் தொடங்குவார்கள், ஏனென்றால் உழைக்கும் தசை சர்க்கரையை இன்னும் இழுக்கும். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லையென்றால் அன்றைக்குத் தள்ளிவைப்பார்கள். ஓய்விலேயே பிபி 180/110-க்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள்.

8. எவ்வளவு உழைப்பது என்பதை எதை வைத்து அளப்பது

220-லிருந்து வயதைக் கழித்துச் சதவீதம் பார்க்கும் கணக்கை இணையத்தில் படித்துவிட்டு வருகிறார்கள். பீட்டா பிளாக்கர் போடுபவருக்கு அது உதவாது. அந்த மாத்திரையின் வேலையே இதயத்துடிப்பை அடக்கிவைப்பது. நீங்கள் எவ்வளவு உழைத்தாலும் கணக்கில் வந்த எண்ணுக்குப் பல்ஸ் ஏறாது, அதை எட்டவேண்டும் என்று மேலும் மேலும் உழைத்தால் மிதமிஞ்சிப் போய்விடும்.

அதனால்தான் சுவரில் 6 முதல் 20 வரை எண் போட்ட ஒரு அட்டை மாட்டியிருக்கிறார்கள். போர்க் அளவுகோல் என்பார்கள். 6 என்றால் எந்த உழைப்பும் இல்லை, 20 என்றால் இதற்குமேல் முடியாது. தொடக்கத்தில் 11 முதல் 13-க்குள், அதாவது 'சுலபம்' என்பதற்கும் 'கொஞ்சம் கஷ்டம்' என்பதற்கும் இடையில் இருக்க வேண்டும். 6-இல் தொடங்குவது விசித்திரமாகத் தோன்றும். ஆரோக்கியமான பெரியவருக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத்துடிப்பு வரும் என்று அமைத்தார்கள். மாத்திரை போடுபவருக்கு அந்தப் பெருக்கல் பொருந்தாது, உணரும் அளவு மட்டும் பொருந்தும்.

பயிற்சியாளர் எண் கேட்கும்போது கால், மூச்சு, களைப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்கள் பலர் 15 என்று தோன்றும்போது 11 என்கிறார்கள், வெட்கமோ வீம்போ தெரியாது. அதை நம்பி வேகத்தைக் கூட்டினால் கஷ்டம் உங்களுக்குத்தான்.

9. ஒரு செஷனின் வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் 5 முதல் 10 நிமிடம் மெதுவான அசைவு, அப்புறம் முக்கியப் பயிற்சி, கடைசியில் மறுபடியும் 5 முதல் 10 நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருவது. சைக்கிள், டிரெட்மில் எதுவாக இருந்தாலும் இதே வரிசைதான்.

கடைசிப் பகுதியை விட்டுவிட்டு அவசரமாகக் கிளம்புபவர்கள் ஏராளம். உழைக்கும்போது கால் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும், கால் தசைகள்தான் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றால் அந்தத் தள்ளல் நின்று ரத்தம் காலிலேயே தேங்கும், பிபி விழும், தலை சுற்றும், சிலருக்குத் தாளமும் தப்பும். பிபி மாத்திரை போடுபவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நடக்கும். அதே காரணத்தால் முடித்த உடனே சூடான நீரில் குளிக்கவும் வேண்டாம்.

பயிற்சி முழுக்க மூச்சை அடக்காதீர்கள். மூச்சை அடக்கி முக்கினால் பிபி எகிறும். மலம் கழிக்கும்போதும் இதேதான். சில வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும், அதற்கு மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பல இடங்களில் வாரம் 2 அல்லது 3 செஷன், மொத்தம் 8 முதல் 12 வாரம். செஷன் இல்லாத நாட்களில் வீட்டு நடையை விடாதீர்கள். விட்டுவிட்டு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் உழைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய இடத்திலிருந்தே தொடங்குகிறார்கள்.

10. எடைப் பயிற்சி கடைசியில் வரட்டும்

முதலில் கால்கள்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, குதிகாலை உயர்த்துவது. இவற்றை எலும்புக்காகத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. கைகளுக்கு முதலில் எடை இல்லாத அசைவு, பிறகு அரை கிலோ, ஒரு கிலோ. உண்மையான எடைப் பயிற்சி எலும்பு ஒட்டிவிட்டது என்று சர்ஜன் பார்த்துச் சொன்ன பிறகு, பெரும்பாலும் 8 முதல் 12 வாரத்துக்கு மேல். கையால் சுற்றும் சைக்கிளும் நீச்சலும் இந்த வரிசையில்தான் வரும். ஜிம்முக்குப் பழகியவர்களைத்தான் இங்கே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது.

11. தூக்கமும் மனசும்

முதல் வாரங்களில் தூக்கம் கெடுவது, பசி குறைவது, படித்தது மனதில் நிற்காதது, காரணமில்லாமல் அழுகை வருவது எல்லாம் வழக்கம். நாள் போகப் போகக் குறையும். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை, எழுந்து நடக்கவே மனசு வரவில்லை என்றால் அதை ரிஹாப் குழுவிடம் நெஞ்சு வலியைச் சொல்வது போலவே சொல்லுங்கள். மனச்சோர்வு இருப்பவர்கள்தான் செஷனை முதலில் கைவிடுகிறார்கள். அதற்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கின்றன.

12. வண்டி, தாம்பத்தியம், பல் டாக்டர்

வண்டி ஓட்டுவது பெரும்பாலும் 4 முதல் 6 வாரத்துக்குப் பிறகு, சில இடங்களில் இன்னும் தள்ளி. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்புவது எலும்பை இழுக்கும், வலி மாத்திரைகள் கவனத்தைக் குறைக்கும். பயணியாகப் போகும்போது சீட் பெல்ட்டைக் கட்டாயம் போடுங்கள், நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் சிறு தலையணை வைத்துக்கொள்ளலாம். உறுத்துகிறது என்று பெல்ட்டைக் கழற்றிவிட்டு உட்காருவது ஆபத்து.

தாம்பத்தியம் பற்றி யாரும் கேட்பதில்லை, டாக்டர்களில் பலரும் தாங்களாகச் சொல்வதில்லை. இரண்டு மாடிப் படியை மூச்சிரைப்போ நெஞ்சு வலியோ இல்லாமல் ஏற முடிந்தால் இதயம் பொதுவாகத் தயார். எலும்பு ஒட்டும்வரை கையில் உடம்பின் எடையைத் தாங்கும் நிலை மட்டும் வேண்டாம். நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் விறைப்புக்கான மாத்திரைகளைத் தொடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் பிபி ஆபத்தான அளவுக்கு விழும்.

செயற்கை வால்வு வைத்தவர்கள் பல் சிகிச்சைக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும், பல ஈறு சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் தேவைப்படும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுபவர்கள் டிரெட்மில்லில் கூடுதல் கவனமாக இருங்கள். தலையில் அடிபட்டால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

13. கண்காணிப்பு முடிந்த மறுவாரம்

கடைசி செஷனில் 6 நிமிட நடைச் சோதனையை மறுபடி வைப்பார்கள். அந்தத் தூரம், உங்கள் போர்க் எண், டிரெட்மில் வேகம், பாதுகாப்பான பல்ஸ் வரம்பு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேறு ஜிம்முக்கோ வேறு டாக்டரிடமோ போனால் இந்தத் தாள் இல்லாமல் அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும்.

இலக்கு வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி, கூடவே இரண்டு நாள் எடைப் பயிற்சி. கூடத்துக்குப் போன அதே கிழமைகளில், அதே நேரத்தில் வீட்டில் செய்தால் பழக்கம் விடாது. காய்ச்சலாலோ பயணத்தாலோ ஒரு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் விட்ட இடத்தில் தொடங்காதீர்கள், பாதி நேரத்தில் தொடங்கி ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வாருங்கள். மாத்திரையின் அளவை மாற்றினாலும், முக்கியமாக பீட்டா பிளாக்கர், முதல் சில நாட்கள் பல்ஸையும் பிபியையும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்து அதே நோட்டில் எழுதுங்கள்.